15 ஜிபி தீர்ந்துவிட்டது: படங்களையும் மெயிலையும் இனி எங்கே வைப்பது?

ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் பலருக்கும் ஒரு நாள் அந்த அறிவிப்பு வந்துவிடும்: சேமிப்பிடம் நிரம்பிவிட்டது. ஜிமெயில், கூகுள் போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அது தீர்ந்தால் புதிய படம் ஏறாது. அப்படியே விட்டால் மெயில் வருவதும் நின்றுவிடும். பேங்க் கடிதமும் இன்டர்வியூ அழைப்பும் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

அந்த நேரத்தில் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். எதையாவது அழித்துவிட்டு இலவசத்திலேயே தொடரலாம். கூகுளுக்கே சந்தா கட்டலாம். மெயிலைச் சொந்த முகவரிக்கு மாற்றி வேறு நிறுவனத்திடம் வைக்கலாம். படங்களை வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிக்கொள்ளலாம். இதைப் பெரும்பாலும் மாதம் எவ்வளவு ஆகும் என்ற கேள்வியாகத்தான் பார்க்கிறோம். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது வேறு: இந்தக் கணக்கு நாளைக் காலையில் திறக்காமல் போனால் எதெல்லாம் கையை விட்டுப் போகும்? இலவசச் சேவைக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நம்மைப் பற்றிய தகவல் போவது எனக்கு இரண்டாவது கவலைதான்.

எந்த முடிவுக்கும் முன்னால், இடத்தை எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். என் அண்ணியின் போனில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் பேக்கப். குடும்பக் குழு, பள்ளித் தோழிகள் குழு, அபார்ட்மென்ட் குழு என்று எல்லாவற்றிலும் வந்து குவிந்த காலை வணக்கப் படங்கள், பொங்கல் வாழ்த்து வீடியோக்கள், ஒரே கல்யாண வீடியோ மூன்று குழுக்களிலிருந்து மூன்று முறை. அண்ணியே எடுத்த படங்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். முன்பெல்லாம் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பை கூகுள் இந்த இட அளவில் சேர்க்காமல் இருந்தது. 2024-ல்தான் அதையும் 15 ஜிபிக்குள் கொண்டுவந்தது. பலருக்குத் திடீரென்று இடம் தீர்ந்ததற்கு இது ஒரு காரணம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ப் பெரிய வீடியோக்களை அழித்து, பேக்கப்பில் வீடியோ சேர வேண்டாம் என்று மாற்றினாலே சிலருக்கு இன்னும் ஒரு வருடம் ஓடும்.

இலவசம் நமக்குக் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல, அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி இடம் தந்தது. அப்போது ஹாட்மெயில் தந்துகொண்டிருந்தது 2 எம்பி. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து, பழைய மெயிலை அழித்தால்தான் புதியது வரும் என்றிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இன்று உணவு டெலிவரி செய்யும் பையனும் பெரிய கம்பெனி முதலாளியும் பார்ப்பது ஒரே மேப்தான். டியூஷனுக்கு வசதியில்லாத பிள்ளை யூடியூபில் கணக்குப் பாடம் படித்துப் பரீட்சை எழுதுகிறது. ஒவ்வொன்றுக்கும் சந்தா கட்டினால்தான் உண்டு என்று இருந்திருந்தால், நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு இவை எட்டியிருக்காது. போட்டோஸில் பாட்டியின் முகத்தைத் தொட்டால் பத்து வருடப் படங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. இதை வீட்டிலேயே செய்துகொள்வது சமீப காலம் வரை லேசான வேலையாக இருக்கவில்லை.

சரி, பதிலுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? "கூகுள் நம் மெயிலைப் படித்து விளம்பரம் போடுகிறது" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். விளம்பரத்துக்காக ஜிமெயிலைத் துழாவுவதை நிறுத்துவதாக கூகுள் 2017-லேயே அறிவித்துவிட்டது. போட்டோஸில் இருக்கும் படங்களையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று சொல்கிறது. விளம்பரத்துக்கு வேண்டிய விவரம் வேறு பக்கத்திலிருந்து போகிறது: எதைத் தேடினோம், யூடியூபில் எதை எத்தனை நிமிடம் பார்த்தோம், எங்கே போய் வந்தோம். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டுக்கு 2023-ல் வந்த வருமானம் 307 பில்லியன் டாலர். அதில் சுமார் 238 பில்லியன் விளம்பரத்திலிருந்து வந்தது.

ஆனால் தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும். ஃபேஸ்புக் இந்த விவரத்தை 2023 வரை வெளியிட்டுவந்தது. அந்த வருடத்தின் கடைசி மூன்று மாதங்களில் அமெரிக்கா, கனடாவில் ஒரு பயனர் மூலம் அதற்குக் கிடைத்தது 68 டாலருக்கு மேல். ஆசிய-பசிபிக் பகுதியில் 6 டாலருக்கும் குறைவு, அதாவது மூன்று மாதத்துக்குச் சுமார் 450 ரூபாய். ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்த சராசரி இது. இவ்வளவு சிறிய தொகைக்கு எந்த நிறுவனமும் எனக்கென்று ஒரு ஆளை உட்கார வைத்துப் பதில் சொல்லப்போவதில்லை. நாம் விட்டுக்கொடுப்பதில் மிகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்: ஏதாவது தவறு நடந்தால் போய்க் கேட்பதற்கு ஒரு கவுன்டர் கிடையாது.

சான்ஃபிரான்சிஸ்கோவில் 2021-ல் நடந்ததை நியூயார்க் டைம்ஸ் மறு வருடம் வெளியிட்டது. ஒரு சின்னக் குழந்தைக்கு உடம்பில் வீக்கம். கொரோனா காலம் என்பதால் டாக்டரிடம் காட்ட போனில் படம் எடுத்து அனுப்பும்படி நர்ஸ் சொல்லியிருக்கிறார். அப்பா எடுத்தார். போன் வழக்கம்போல அதை கூகுளுக்கு ஏற்றியது. குழந்தைகளை ஆபாசமாகப் படமெடுப்பதைக் கண்டுபிடிக்கும் தானியங்கி முறை அதைப் பிடித்துக் கணக்கை மூடியது. மெயில், காலண்டர், மகனின் முதல் சில வருடப் படங்கள், எல்லாம் ஒரே நாளில் போயின. போன் இணைப்பும் கூகுளுடையது என்பதால் நம்பரும் போனது. போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று எழுதியே கொடுத்தது. அதன் பிறகும் கணக்கு திரும்பவில்லை. அப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பிடிக்கும் முறை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், குழந்தைகளுக்கு அது அவசியம். ஆனால் அது தவறாகப் பிடித்தால், ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துத் திருத்தும் வழி இருந்தாக வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குப் பலருக்கும் தெரியாத ஒரு வழி உண்டு. பெரிய சமூக ஊடக, இணைய நிறுவனங்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் தரும் பதிலில் திருப்தி இல்லையென்றால், மத்திய அரசு 2023-ல் அமைத்த குறை மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே முறையிடலாம். வக்கீல் வேண்டாம். கணக்கு முடக்கப்பட்டால் முதல் வாரத்திலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கணக்கு மூடப்படுவது ஒரு தனி மனிதரின் இழப்பு. சேவையே மூடப்பட்டால் ஒரு தலைமுறையின் எழுத்தே போகும், தமிழுக்கு அது நடந்திருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் எழுதியவர்கள் கூடிய இடங்களில் முக்கியமானவை யாஹூ குழுமங்கள், அதாவது மெயில் வழியே பேசிக்கொள்ளும் குழுக்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று எத்தனையோ. வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் தட்டச்சு செய்து, கதையும் கவிதையும் சண்டையும் இலக்கணப் பாடமும் அங்கே எழுதினார்கள். 2019 அக்டோபரில், குழுமங்களில் சேர்ந்திருப்பதையெல்லாம் அழிக்கப்போவதாக யாஹூ அறிவித்து, சில மாத அவகாசம் கொடுத்தது. 2020 டிசம்பர் 15 அன்று குழுமங்களையே மூடியது. உறுப்பினர் யாராவது முன்கூட்டியே எடுத்துவைத்தது மிஞ்சியது; மற்றது போயிற்று. நம் மொழியின் இணைய வரலாற்றில் அந்த ஆரம்ப வருடங்களை இனி யார் எழுதினாலும் ஓட்டைகளோடுதான் எழுத முடியும் என்பது எனக்கு இப்போதும் வேதனை தருகிறது. இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. கூகுளின் பிளாகரில் அதே காலத்தில் தொடங்கிய தமிழ் வலைப்பூக்கள் பல, ஒரு பைசா கட்டாமல், இன்றும் திறக்கின்றன. எது நிற்கும், எது போகும் என்று உள்ளே எழுதிக்கொண்டிருப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இலவசத்திலேயே தொடர்வது பலருக்குப் போதும். போட்டோஸில் "ஸ்டோரேஜ் சேவர்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. படம் 16 மெகாபிக்சலுக்கு மேல் இருந்தால் அந்த அளவுக்குக் குறைக்கும், வீடியோவை 1080p தரத்துக்கு இறக்கும். ஆல்பம் போட வேண்டிய கல்யாணப் படம் தவிர மற்றவற்றுக்கு இது தாராளம். தவிர்க்க வேண்டியது ஒன்று: இடம் போதவில்லை என்று இன்னொரு ஜிமெயில் கணக்கு தொடங்கி, பழைய படங்களை அதில் போட்டுவிட்டு மறந்துவிடுவது. இரண்டு வருடம் திறக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்படி ஒதுக்கிவைத்த கணக்குகளுக்குத்தான் இதில் முதல் ஆபத்து. 2015-ல் போட்டோஸ் வந்தபோது எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி கணக்கில் வந்தது. சொன்ன சொல் மாறும் என்று வைத்துக்கொண்டே இலவசத்தைப் பயன்படுத்த வேண்டும்.

கூகுளுக்கே சந்தா கட்டுவது சோம்பேறித்தனம் என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 100 ஜிபி திட்டம் பல வருடமாக வருடத்துக்கு 1,300 ரூபாய் அளவில்தான் இருந்துவருகிறது. வீட்டில் இன்னும் ஐந்து பேரோடு பகிர்ந்துகொள்ளலாம். ஆறு பேர் உள்ள குடும்பத்துக்குத் தலைக்கு மாதம் 20 ரூபாய்கூட ஆகாது. உதவிக்குப் பேச ஆளும் கிடைக்கிறது. ஆனால் இந்தப் பணம் எதை வாங்கித் தரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். தேடலிலும் யூடியூபிலும் உங்களைப் பின்தொடர்வதை இது நிறுத்தாது. அதற்குத் தனியாகக் கணக்கு செட்டிங்ஸில் போய் அணைக்க வேண்டும், பழைய தேடல் பதிவுகள் 3 மாதத்தில் தானாக அழியும்படி வைக்க வேண்டும். இரண்டும் இலவசக் கணக்கிலேயே செய்யக்கூடியவை. மேலே சொன்ன சான்ஃபிரான்சிஸ்கோ அப்பாவுக்கு நடந்தது போன்ற முடக்கத்திலிருந்தும் சந்தா காப்பாற்றாது. அப்புறம், 60 ஜிபி ஏற்றிய பிறகு சந்தாவை நிறுத்தினால் 15-ஐத் தாண்டிய கணக்காகிவிடும். மெயில் நின்றுபோகும், அந்த நிலையிலேயே இரண்டு வருடம் கிடந்தால் படங்களை அழிக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அங்கே இலவசம் 5 ஜிபி.

மூன்றாவது வழியைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன், ஆனால் மெயிலுக்கு மட்டும். ஆதார், பான், வருமான வரி, பி.எஃப்., பேங்க், டிமேட், பிள்ளையின் கல்லூரி என்று எல்லாம் ஒரு மெயில் முகவரியில் தொங்குகின்றன. அந்த முகவரியின் கடைசிப் பகுதி இன்னொருவர் பெயரில் இருக்கிறது. சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதாவது முகவரியில் @-க்குப் பிறகு வரும் பெயர், வாங்கினால் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். அதில் குடும்பத்தில் எல்லோருக்கும் முகவரி வைத்துக்கொள்ளலாம். மெயில் பெட்டியை இன்று ஒரு நிறுவனத்திடம் வைத்து, பிடிக்கவில்லையென்றால் நாளை வேறொன்றுக்கு மாற்றலாம். முகவரி மாறாது, ஒரு பேங்குக்கும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஊர் சோஹோ சொந்த டொமைனுக்கு 5 பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி இலவசமாகவே தருகிறது, விளம்பரம் கிடையாது. கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்று வரும் பணத்தில் நடத்துகிறார்கள். சென்னை நிறுவனம், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதற்காக அதன் இலவசத்தை வேறு மாதிரி எடைபோட முடியாது. முன்பு 25 பேருக்குத் தந்ததைத்தான் பிறகு 5 ஆக்கினார்கள். போனில் வேறு மெயில் ஆப்பில் பார்ப்பதற்கான ஐமேப் வசதியும் இலவசத்தில் கிடையாது. ஆகவே சந்தா கட்டிவிடுவது நல்லது. யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும் என்றால் சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் இருக்கிறது.

டொமைனில் ஒரு பெரிய ஆபத்து உண்டு: புதுப்பிக்க மறந்தால் வேறு யாராவது வாங்கிவிடலாம், உங்களுக்கு வரும் பாஸ்வேர்டு மாற்றும் மெயிலெல்லாம் அவருக்குப் போகும். கார்டில் தானாகப் பணம் எடுப்பது 2021-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிகளுக்குப் பிறகு பல நேரம் நடப்பதில்லை, அதை நம்பாதீர்கள். அதிகபட்சம் 10 வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டலாம். குறைந்தது 5 வருடத்துக்காவது கட்டுங்கள். டொமைன் வாங்கிய கம்பெனியில் உங்கள் தொடர்பு மெயிலாக அதே டொமைன் முகவரியைக் கொடுக்காதீர்கள். பழைய ஜிமெயிலைக் கொடுங்கள். இல்லாவிட்டால் டொமைன் நின்றுபோன தகவலே உங்களுக்கு வந்து சேராது.

படங்களை வீட்டில் மட்டும் வைப்பது என்ற நான்காவது வழியை, அது மட்டுமே போதும் என்று யாரும் எடுக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்த எத்தனையோ வீடுகளில் கல்யாண ஆல்பமும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே அலமாரியில் நனைந்தன. டிஸ்க் கீழே விழுந்தாலும் போச்சு. இம்மிச் போன்ற இலவச மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டு, முகம் பார்த்துத் தேடும் வசதியோடு வீட்டிலேயே ஒரு போட்டோஸ் நடத்தலாம், நன்றாகவே இருக்கிறது. ஆனால் நம் வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் தனி ஐபி முகவரி (இணையத்தில் நம் வீட்டு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடைப்பதில்லை, வெளியூரிலிருந்து பார்க்கத் தனி ஏற்பாடு வேண்டும். அது பழுதானால் சரிசெய்யும் ஆளும் நீங்கள்தான். இதில் ஆசை இருப்பவர்கள் செய்யலாம்.

இரண்டாவது பிரதி என்று வரும்போது ஹார்ட் டிஸ்க்குக்கு ஈடில்லை. நான் சிபாரிசு செய்வது இந்தக் கலவையைத்தான்: மெயில் சொந்த டொமைனில், சந்தா கட்டி. படங்கள் கூகுளிலேயே, இலவசமோ 1,300 ரூபாயோ, கூடவே வருடத்துக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கில் முழுப் பிரதி, அந்த டிஸ்க் ஊரில் அம்மா வீட்டில். மேப், யூடியூப், தேடல் இவற்றுக்கு இலவசமே போதும், அவை நாளைக்கு நின்றாலும் என் வாழ்க்கையில் எதுவும் அழியாது. பணம் கட்ட வசதியில்லை என்பவர்கள் மெயிலையும் ஜிமெயிலிலேயே வைத்து, பேங்க், வரிக் கணக்குகளில் இரண்டாவது மெயில் முகவரி ஒன்றை மாற்றாகக் கொடுத்துவைத்தால் பாதி ஆபத்து குறையும்.

பிரதி எடுக்க கூகுள் டேக்அவுட் என்ற சேவை 2011 முதல் இருக்கிறது. கேட்டதும் கிடைக்காது, சில மணி நேரமோ சில நாளோ கழித்து ஜிப் கோப்புகளாகத் தயாராகும். இறக்குவதற்கான இணைப்பு ஏழு நாளில் காலாவதியாகும், அதனால் பயணத்துக்கு முன்னால் கேட்காதீர்கள். விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு படத்தோடும் ஜேசன் என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். குப்பை என்று நினைத்துப் பலர் அழித்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதிய குறிப்பும் திருத்திய தேதியும் அதில்தான் இருக்கின்றன. முக்கியமாக, வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்குள் எடுத்த தேதி இருக்காது, அனுப்பும்போதே நீங்கிவிடும். கோப்பின் பெயரில் உள்ள எண்களோ இந்த ஜேசனோதான் படம் வந்த தேதிக்காவது ஆதாரம். பெயரை மாற்றி ஜேசனையும் அழித்துவிட்டால், பேத்தி பிறந்த அன்று உறவினர் அனுப்பிய படம் எந்த வருடத்தது என்றே தெரியாமல் போகும்.

வயதான பெற்றோர் கணக்குகளை இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி வரும் மீட்பு எண்ணாகக் கொடுத்திருப்பது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம்மாக இருக்கும். இணைப்பு நின்ற எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதன் பிறகு அந்த ஓடிபி முன்பின் தெரியாதவர் போனுக்குப் போகும். எண்ணை மாற்றிய கையோடு, கூகுள் கணக்கில் "செயல்படாத கணக்கு மேலாளர்" என்ற இடத்துக்குப் போங்கள். 3 மாதம் முதல் 18 மாதம் வரை கணக்கு திறக்கப்படாவிட்டால் யாரிடம் படங்களைக் கொடுக்க வேண்டும் என்று பத்துப் பேர் வரை எழுதிவைக்கலாம். அதில் யார் பெயரைப் போடுவது என்று அப்பாவையும் அம்மாவையும் கேட்டே போடுங்கள்.